நகை அபேஸ், நிலம் அபகரிப்பு, பணம் பறிமுதல்: செய்தித் தமிழின் கைவரிசை

இரவு ஒன்பதரை மணி இருக்கும். ஊர் நிருபரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்து விழும்: ‘டவுன் பஸ்ல பாட்டிகிட்ட 4 பவுன் செயின் போச்சு. போலீஸ் விசாரணை.’ இதைச் செய்தியாக்க வேண்டிய உதவி ஆசிரியர் உடனே போன் போட்டுக் கேட்பது பாட்டியின் பெயரையோ பஸ்ஸின் எண்ணையோ அல்ல. “ஏம்ப்பா, செயின் கழுத்துல கிடந்துச்சா, பைல இருந்துச்சா?”

கழுத்தில் கிடந்து, இழுக்கும்போதே பாட்டி சத்தம் போட்டிருந்தால் அது ‘பறிப்பு’. பைக்குள் இருந்து, இறங்கி வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது என்றால் ‘திருட்டு’. பக்கத்தில் உட்கார்ந்த பெண் பேச்சுக் கொடுத்து, ‘கழட்டிப் பைல வச்சுக்கம்மா, காலம் கெட்டுக் கிடக்கு’ என்று அக்கறையாகச் சொல்லி எடுத்திருந்தால் ‘நூதனத் திருட்டு’, தலைப்பில் ‘அபேஸ்’. போனது அதே 4 பவுன். எந்த வினைச்சொல்லைப் போடுகிறோமோ அதற்கேற்ப செய்தி வேறு செய்தியாகிவிடுகிறது.

செய்தித்தாள் தமிழில் ‘சட்டென்று எடுத்துக்கொள்வது’ என்ற ஒரு காரியத்துக்கு எத்தனை சொல் இருக்கிறது என்று ஒரு வாரத்துப் பத்திரிகைகளை வைத்து எண்ணிப் பார்க்கலாம். பறித்தனர், கவர்ந்தனர், அள்ளினர், சுருட்டினர், வாரிச் சுருட்டினர், அபகரித்தனர், கைப்பற்றினர், பறிமுதல் செய்தனர், தட்டிச் சென்றனர், வளைத்துப் போட்டனர், மடக்கினர், அமுக்கினர். பெரும்பாலும் வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொற்கள்தான். 1942-ல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், பேச்சில் உள்ள தமிழைக் கொச்சை மட்டும் நீக்கி எழுதினால் போதும் என்பதைத் தன் பத்திரிகையின் வழியாக வைத்துக்கொண்டார். அந்த வழியில்தான் இவை அச்சுக்குள் வந்தன. ‘புடுங்கிட்டுப் போயிட்டான்’ என்று அழுதுகொண்டே சொன்னது ‘பறித்துச் சென்றனர்’ ஆனது. கொச்சை போனது, வேகம் போகவில்லை.

அந்த வேகம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் முதல் வினையில் இல்லை. ‘பறி’ என்பது உண்மையில் அவசரமே இல்லாத சொல். பூப் பறிக்கிறோம், காய் பறிக்கிறோம், நிதானமாக. அதோடு ஒரு ‘சென்றனர்’ சேர்ந்ததும் ஆள் பைக்கில் ஏறிவிடுகிறான். ‘பறித்துக்கொண்டார்’ என்றால் எடுத்தவர் இன்னும் அங்கேயே நிற்கிறார். அதனால்தான் பதவியைப் பறித்துக்கொள்வார்கள், செயினைப் பறித்துச் செல்வார்கள். ‘வளைத்தார்’ என்பதற்கும் ‘வளைத்துப் போட்டார்’ என்பதற்கும் நடுவில் ஒரு பத்திரப்பதிவு இருக்கிறது.

‘பறி’யில் இன்னொன்றும் உண்டு. காம்பு விட மாட்டேன் என்கிறது, நாம் இழுக்கிறோம். எடுப்பவனுக்கு எதிராக ஒரு பிடி இருந்தால்தான் பறிப்பு. தாலிச் செயின் பறிப்புச் செய்திகளில் அடிக்கடி வரும் வரி ஒன்று: ‘அவர் செயினை இறுகப் பிடித்துக்கொண்டதால் பாதி அறுந்து கையில் சிக்கியது.’ 5 பவுனில் 2 பவுன் அவர் கையில், 3 பவுன் பைக்கில். ‘திருட்டு’ என்ற சொல்லுக்குள் இந்தக் கை இல்லை. அங்கே உடைமைக்காரர் தூங்குகிறார், அல்லது வெளியூரில் இருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், நாளிதழ்கள் பல பத்தாண்டுகளாகத் தனிக் குற்றமாக எழுதிவந்த ‘செயின் பறிப்பு’க்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவே இருந்ததில்லை. அது திருட்டாகவும் வந்தது (பிரிவு 379), காயமோ காயம் பற்றிய பயமோ இருந்தால் கொள்ளையடித்தலாகவும் வந்தது (பிரிவு 392). முன்னதற்கு 3 ஆண்டு வரை, பின்னதற்கு 10 ஆண்டு வரை. கழுத்தில் கீறல் இருக்கிறதா என்பதில் இவ்வளவு தூரம். ஹரியானா, குஜராத் போன்ற சில மாநிலங்கள் தங்களுக்கென்று திருத்தம் கொண்டுவந்தன. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவில்தான் பறிப்பு என்பது நாடு முழுவதற்கும் தனிக் குற்றமானது. அந்தப் பிரிவின் வாசகத்தைப் படித்தால் ஒரு பழைய கிரைம் நிருபர் எழுதியது போலவே இருக்கும்: திடீரென்றோ, விரைவாகவோ, பலவந்தமாகவோ ஒருவரிடமிருந்து பொருளைப் பிடிப்பது, வசப்படுத்துவது, பறிப்பது, எடுத்துச் செல்வது. ஒரே வாக்கியத்தில் மூன்று வேகம், நான்கு வினை. எந்தச் சொல்லில் ஓட்டை விழுமோ என்ற பயத்தில் சட்டம் எழுதியவர்கள் எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறார்கள். தண்டனை என்னவோ திருட்டுக்கு உள்ள அதே 3 ஆண்டு வரைதான். கூடவே அபராதமும் உண்டு.

‘கொள்ளை’யில் நிலைமை தலைகீழ். சட்டத்தில் கூட்டுக்கொள்ளைக்குக் குறைந்தது 5 பேர் வேண்டும், தனியாள் கொள்ளைக்கும் அடியோ மிரட்டலோ வேண்டும். பத்திரிகையில் யாரும் இல்லாத வீட்டின் பூட்டை ஒருவன் உடைத்துப் போனாலும் கொள்ளைதான், நகை அதிகமாக இருந்தால். 2 பவுன் என்றால் திருட்டு, 80 பவுன் என்றால் கொள்ளை. எந்த இடத்தில் கோடு விழுகிறது என்று எந்த அலுவலகத்திலும் எழுதி வைத்ததில்லை. ஆனால் எல்லா உதவி ஆசிரியர்களுக்கும் தெரியும். சட்டப்படி பார்த்தால் தப்பு. வாசகருக்குக் ‘கொள்ளை’ என்பது ஆள் கணக்கு இல்லை, அளவுக் கணக்கு. ‘கொள்ளை அழகு’ என்று சொல்லுகிற மொழி இது.

இனி அபேஸ். இந்தச் சொல்லின் செல்வாக்குக்குக் காரணம் பாதி அச்சுக்கூடம். தமிழ் வினைமுற்று நீளமானது. திணை, பால், எண், காலம் எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு வரும். ‘பறித்துச் சென்றனர்’ என்பதை ஒற்றைப் பத்தி அகலத்தில் பெரிய எழுத்தில் போட்டால் மற்ற சொற்களுக்கு இடம் இல்லை. அதனால்தான் நம் தலைப்புகள் வினைமுற்றை விட்டுவிட்டுப் பெயரில் முடிகின்றன: பறிப்பு, கைது, சிக்கினார் என்பதற்குப் பதில் ‘சிக்கிய வாலிபர்’. ‘அபேஸ்’ இந்த இடுக்குக்காகவே செய்தது போன்ற சொல். மூன்றே எழுத்து. ‘ரூ.2 லட்சம் அபேஸ்’ என்றால் முடிந்தது. யார் எடுத்தார், ஒருவரா மூவரா, ஆணா பெண்ணா என்று எதையும் சொல்ல வேண்டாம். போலீசுக்கே தெரியாத இரவு பத்து மணிக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்த வசதிக்குள் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு பேங்கில் எடுத்த பணத்தைப் பறிகொடுத்தவர் வீட்டில் ‘அபேஸ்’ என்ற சொல் எப்படி விழும்? ‘லவட்டி’, ‘ஆட்டையைப் போட்டு’ எல்லாம் இதே வகை. கேட்டவர் ரசிக்க, இழந்தவர் வயிறு எரியும் சொற்கள். கேலிக்குரிய இடத்தில் அவை இருக்கட்டும் என்பது என் கட்சி. கோயில் உண்டியலில் கையை விட்டு மாட்டிக்கொண்டவனுக்குப் போடலாம். ஓய்வூதியத்தை இழந்த வாத்தியாருக்கு வேண்டாம்.

எடுத்தவர் யார் என்பதைப் பொறுத்தும் வினை மாறும். பைக்கில் வந்தவர் பறிக்கிறார். வீட்டு வேலைக்கு வந்தவர் திருடுகிறார். சீட்டு நடத்தியவர் சுருட்டுகிறார். இதில் ‘சுருட்டு’ அருமையான சொல். பாயைச் சுருட்டுகிறோம், படுக்கையைச் சுருட்டுகிறோம். நம் நடுவே பாய் விரித்து இருந்தவர், ஒரு நாள் விடியுமுன் அதைச் சுருட்டிக்கொண்டு போகிறார். உள்ளே நம் பணம். அந்நியன் சுருட்ட முடியாது, நம்பிக்கைக்குரியவர்தான் சுருட்ட முடியும். சட்டத்தில் நம்பிக்கை மோசடி என்று நீளமாகச் சொல்வதை இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. கணக்காளர் என்றால் ‘கையாடல்’. பெரிய நிறுவனம் என்றால் ‘முறைகேடு’. அங்கே போனதும் கை காணாமல் போய்விடுகிறது பாருங்கள். முறைதான் கெட்டது, யாரும் எதையும் எடுக்கவில்லை.

அரசு அலுவலர் என்றால் வினை இன்னும் பதமாகிவிடும்: ‘லஞ்சம் வாங்கியபோது கைது’. பட்டா மாற்றத்துக்கு ஆறு மாதம் அலையவிட்டு, கடன் வாங்க வைத்து எடுத்த பணம் அது. ஆனாலும் அவர் ‘வாங்கினார்’. கடையில் நாம் பால் வாங்குவது போல. பிடிபடும் காட்சி மட்டும் கடுமையாக இருக்கும். பினாப்தலீன் பொடி தடவிய நோட்டைக் கொடுத்தனுப்புவார்கள், அலுவலரின் விரலை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும், ‘கையும் களவுமாக’ என்று எழுதுவோம். களவு என்ற சொல் அங்கேதான் முதல்முறையாக அவர் பக்கத்தில் வந்து நிற்கும்.

விகுதியையும் மறக்கக் கூடாது. பழைய குற்றச் செய்திகளில் பறித்தவன் ‘பறித்தான்’, கையாடியவர் ‘கையாடினார்’. கோர்ட் இருவரையும் இன்னும் விசாரிக்கவே இல்லை, னகர ரகரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. இப்போது பெரும்பாலான பத்திரிகைகள் எல்லோருக்கும் ‘ர்’ போடுகின்றன, நல்லது. வினைச்சொற்களுக்குள் இருக்கும் சாதி வித்தியாசம்தான் இன்னும் போகவில்லை.

இந்த வித்தியாசம் உயிரோடு விளையாடும் இடம் நிலம். விமான நிலையத்துக்கோ சாலைக்கோ அரசு ஒருவருடைய வயலை எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகப் பலகையில் அது ‘நில எடுப்பு’. அதற்கென்று தனி வட்டாட்சியரே உண்டு. மேசையில் கிடக்கும் பேனாவை எடுப்பது போன்ற சொல். நாளிதழில் ‘நிலம் கையகப்படுத்தல்’. இது கொஞ்சம் கனம். எடுப்பவரின் கை தெரிகிறது, ஆனால் கொடுப்பவரின் கை தெரியாது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்துப் போராடிய ஏகனாபுரம் போன்ற ஊர்களில் நிற்பவர்களைக் கேட்டால் ‘பறிப்பு’. இந்த மூன்றில் நடுநிலையான சொல் எது என்று கேட்டால் எல்லோரும் நடுவில் இருப்பதைக் காட்டுவார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. கையகப்படுத்தல் சட்டப் புத்தகத்தின் சொல். சட்டப் புத்தகம் அரசின் மேசையில் இருக்கிறது.

இலங்கையிலும் கதை இதேதான், சொற்கள் மட்டும் வேறு. அரசாங்க அறிவித்தல்களில் ‘காணி எடுத்தல்’, பத்திரிகைகளில் ‘காணி சுவீகரிப்பு’, மக்கள் பதாகைகளில் ‘காணி அபகரிப்பு’. 2013-ல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 6,000 ஏக்கருக்கு மேல் இராணுவத் தேவைக்காக எடுப்பதாக அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, ஒரே காணியைப் பற்றி இந்த மூன்று சொற்களும் ஒரே வாரத்தில் ஓடின. சுவீகரிப்பு என்ற சொல்லில் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கும் வாசனை இருக்கிறது. தன் கிணற்றடியைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.

‘அபகரிப்பு’ தமிழ்நாட்டில் ஒரு முறை சட்டச் சோதனைக்கே போய் வந்த சொல். 2011-ல் ஆட்சி மாறியதும் நில அபகரிப்பு வழக்குகளுக்கென்று காவல்துறையில் சிறப்புப் பிரிவுகளும், பின்னாலேயே சிறப்பு நீதிமன்றங்களும் வந்தன. நாள் தவறாமல் ‘நில அபகரிப்பு வழக்கில் முன்னாள் அமைச்சர் கைது’ போன்ற தலைப்புகள். 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை ரத்து செய்தபோது சொன்ன குறைகளில் முக்கியமானது, நில அபகரிப்பு வழக்கு என்றால் எது என்று அரசாணையில் வரையறையே இல்லை என்பது. நாலு வருடம் நாங்கள் எல்லோரும் முதல் பக்கத்தில் எழுதிய சொல் அது. எங்களில் யாராவது ஒருவராவது ‘அப்படி என்றால் என்ன’ என்று கேட்டிருக்கலாம்.

விளையாட்டுப் பக்கத்துக்கு வந்தால் இதே சொற்கள் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு நிற்கும். 1999 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானின் 10 விக்கெட்டுகளையும் 74 ரன்னுக்கு கும்ப்ளே ‘அள்ளினார்’. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக செஸ் பட்டத்தைத் ‘தட்டிச் சென்றார்’. தட்டிச் சென்றார் என்றால் போகிற போக்கில் ஒரு தட்டு, விழுந்ததை எடுத்துக்கொண்டு நடை. 18 வயதுப் பையன் இரண்டரை வாரம் உட்கார்ந்து, 14 ஆட்டம் ஆடி, கடைசி ஆட்டம் வரை இழுத்து, ஏழரைக்கு ஆறரை என்று ஜெயித்த பட்டம் அது. அந்த வினைக்கும் அந்தப் பட்டத்துக்கும் ஒட்டவே ஒட்டாது. இருந்தாலும் ‘வென்றார்’ என்று போட்டால் தலைப்பு தூங்குகிறது என்பார்கள். அலங்காநல்லூரில் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கியவர் காரைத் ‘தட்டிச் சென்றார்’ என்பதாவது பரவாயில்லை. அங்கே தட்டுவதற்கு ஏதோ இருந்தது.

தேர்தல் முடிவுக்கும் இதே சொற்கள்தான். 2024-ல் திமுக கூட்டணி தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டிலும் சேர்த்து 40 தொகுதிகளையும் ‘அள்ளியது’. ஓட்டுப் போட்டவர் கொடுத்ததாக எந்தத் தலைப்பும் சொல்லாது. கட்சி வந்து அள்ளியது, கைப்பற்றியது, தோற்றது பறிகொடுத்தது. பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவருக்கு வைப்புத்தொகை திரும்பாது, விதி அவ்வளவுதான். நாம் எழுதுவது: ‘டெபாசிட் பறிபோனது’. யார் பறித்தார்கள்?

தேர்தல் என்றதும் எனக்கு எப்போதும் ஒரு ஆட்டு வியாபாரி ஞாபகம்தான் வரும். நான் அப்போது தெற்கே ஒரு நாளிதழின் பதிப்பில் இருந்தேன். தேர்தல் நேரத்தில் ரூ.50,000-க்கு மேல் ஆவணம் இல்லாமல் கொண்டுபோனால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். ஓர் அதிகாரி, போலீஸ், வீடியோ எடுப்பவர் என்று ஒரு ஜீப்பில் நிற்பார்கள். சனிக்கிழமை விடியலில் எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவரை வழியில் நிறுத்தியிருக்கிறார்கள். வேட்டி மடிப்பிலும் மஞ்சள் பையிலுமாக ரூ.1,40,000. ஆட்டுச் சந்தையில் ரசீது ஏது? துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தொழில் அது. பணத்தை எடுத்துக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாங்கள் தலைப்பு போட்டோம்: ‘வியாபாரியிடம் ரூ.1.40 லட்சம் பறிமுதல்’. தினம் இப்படி ஏழெட்டு வரும். யாரும் யோசிக்கவில்லை.

நாலு நாள் கழித்துப் பணம் திரும்ப வந்துவிட்டது. ஆடு விற்றவர்கள் இரண்டு பேரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தார், மாவட்டக் குழு பார்த்தது, கொடுத்துவிட்டார்கள். அதற்கு மறுநாள் அவர் பேப்பரை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

“தம்பி, பறிமுதல்னு போட்டிருக்கீங்களே, நான் என்ன களவாண்டேனா?”

“அப்படி இல்ல அண்ணாச்சி, எல்லாத்துக்கும் அப்படித்தான் போடுவோம்.”

“பறிமுதல்னா பறிச்சதுதான? பறிச்சா திருப்பிக் குடுப்பாங்களா?”

அவர் சொன்னதுதான் சரி. போலீசோ பறக்கும் படையோ சோதனையில் எடுப்பது ‘கைப்பற்றுதல்’. அப்போது எழுதும் காகிதத்தின் பெயரே கைப்பற்றுதல் மகஜர். பொருள் யாருடையது என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது, திரும்ப வரலாம். பறிமுதல் என்பது கடைசிக் கட்டம்: உரிமையே போய்விட்டது, இனி அது அரசுடைய முதல். நடுவில் விசாரணை இருக்கிறது, உத்தரவு இருக்கிறது, மேல்முறையீடு இருக்கிறது. நாங்கள் அத்தனையையும் தாண்டிக் குதித்து, விடியற்காலை ஆறு மணிக்கு சாலை ஓரத்திலேயே தீர்ப்பு சொல்லியிருந்தோம். ஊரில் என்ன ஆயிற்று என்றால், அவர் ஏதோ கட்சியின் பணத்தைப் பட்டுவாடா செய்யக் கொண்டுபோனதாகப் பேச்சு. கடனுக்கு ஆடு விட்டுக்கொண்டிருந்தவர்கள் ‘கையில காசு, வாயில ஆடு’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

திருத்தம் போடுவது என்று முடிவானது. தலைப்புக்கு உட்கார்ந்தோம். அங்கேதான் திண்டாட்டம். பிடுங்குவதற்கு இருபது வினை வைத்திருக்கும் எங்கள் மேசையில் திருப்பித் தருவதற்குச் சொல் அகப்படவில்லை. ‘பணம் கிடைத்தது’ என்றால் ரோட்டில் கிடந்தது போல இருக்கிறது. ‘திரும்ப வழங்கப்பட்டது’ என்றால் அரசு உதவித்தொகை. ‘மீட்பு’ போட்டால் மறுபடியும் திருட்டு வாசனை. ‘விடுவிப்பு’ ஜெயிலை நினைவூட்டியது. ‘அவர் பணம் அவரிடமே’ என்று ஒரு பையன் சொன்னான். நன்றாகத்தான் இருந்தது, செய்தி ஆசிரியர் ‘சினிமா தலைப்பு மாதிரி இருக்கு’ என்று அடித்துவிட்டார். கடைசியில் ‘வியாபாரியிடம் பணம் ஒப்படைப்பு’ என்று ஒற்றைப் பத்தி அகலத்தில் ஆறு வரி போட்டோம். டெண்டர் விளம்பரங்களுக்குக் கீழே, 9-ம் பக்கம்.

சாயங்காலம் அவர் போன் செய்தார். மருமகன் அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தானாம். “வந்துருக்கு தம்பி, சந்தோஷம்” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “முந்தினது மொதப் பக்கத்துல வந்துச்சே?” என்றார்.